ஓட்டைக் கிடாரம்

எங்கள் வீட்டுக் கிடாரத்தின் அடியில், சரி நடுவில், ஓர் ஓட்டை இருக்கிறது. விட்டம் எட்டு மில்லிமீற்றர். ஒரு காலத்தில் ரண்டர்ஸ் தமிழர் அத்தனை பேரின் கொண்டாட்டங்களுக்கும் சோறு வடித்த அலுமினியக் கிடாரம் அது. ஓட்டை விழுந்த பிறகு அதில் யாரும் சமைக்கவில்லை. அதை வாத்தியமாக வாசித்தவர் என் அப்பா வில்ஃப் கார்னெட். ஆங்கிலேயர். ஊர்த் தமிழருக்கு வில்வண்ணை. இந்த வருடம் மே மாதக் கடைசியில் இறந்தார்.

அவர் என்னைப் பெற்றவர் அல்ல. பெற்றவர் மன்னார்க் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஒரு வயது. அம்மா அருள்நாயகி என்னைத் தூக்கிக்கொண்டு டென்மார்க் வந்தார். ரண்டர்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. வில்ஃப் எங்கள் வீட்டுக்கு வந்தது நான் பள்ளிக்கூடம் போகிற வயதில். ‘அப்பா’ என்று கூப்பிட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

*

வில்ஃப் பிறந்தது லிவர்பூலுக்குப் பக்கத்தில், 1941இல். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வில்ஃபுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது இங்கிலாந்து முழுவதும் ஸ்கிஃபிள் என்ற இசை காய்ச்சல்போல் பரவியிருந்தது. வாத்தியம் வாங்க வழியில்லாத பையன்களின் இசை அது. குழுவில் ஒருவனிடம் மலிவான கிற்றார் ஒன்று இருந்தால் போதும். இன்னொருவன் தாயின் உடுப்பு உரஞ்சும் நெளிதகட்டை எடுத்துக்கொள்வான். தையல்காரர் விரல் நுனியில் மாட்டும் உலோக உறைகளைப் போட்டுக்கொண்டு அதில் தாளம் போடுவான். மூன்றாமவனுக்குத் தேயிலைப் பெட்டி. பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஓட்டை போட்டு, ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுநுனியைத் வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியில் முடிந்துவிட வேண்டும். தடியைச் சாய்த்தால் கயிறு இறுகும், சுரம் ஏறும். தளர்த்தினால் இறங்கும். ஒரே கயிறு. அதில்தான் முழுப் பாட்டுக்கும் அடிநாதம்.

வில்ஃப் மூன்றாமவன். தகப்பன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த பெட்டி. பக்கத்தில் ‘சிலோன்’ என்று கறுப்பு மையில் அடித்திருந்தது.

அவர் பாட்டும் எழுதினார். பதினெட்டு வயதில் அவர்கள் குழு ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டது. பின்பக்கத்துப் பாட்டு அவருடையது: மழையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து போகிற ஒருவனைப் பற்றியது. முன்பக்கத்தையே யாரும் வாங்கவில்லை, பின்பக்கத்தை எப்படிக் கேட்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு மின்சாரக் கிற்றார்கள் வந்தன. ஸ்கிஃபிள் போன இடம் தெரியவில்லை. தேயிலைப் பெட்டியோடு மேடையேறினவர்களைப் பார்த்துச் சனம் சிரித்தது.

டென்மார்க்கில் மட்டும் சில நடன மண்டபங்கள் இன்னும் கூப்பிட்டன. 1963இல் ஒரு பழைய வான் வண்டியில் யூலாந்துத் தீபகற்பம் முழுவதும் சுற்றினார்கள். ரண்டர்ஸுக்கு வந்ததும் மற்றவர்கள் அலுத்துப்போய் ஊர் திரும்பினார்கள். வில்ஃப் திரும்பவில்லை. காரணம் ஒரு பெண். வெதுப்பகத்தில் வேலை செய்தவள்.

அந்தப் பெண்ணின் தாய் தகப்பனுக்கு அந்த வருடம் வெள்ளிக் கல்யாணம். டெனிஷ்காரர்களின் வழக்கம் இது: கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருட நாளன்று, அயலவர்கள் முதல்நாளே வந்து வாசல் நிலையைச் சுற்றி ஊசியிலைக் கொப்புகளால் வளைவு கட்டி, வெள்ளித்தாளில் 25 என்று வெட்டி ஒட்டுவார்கள். விடிய ஏழு மணிபோல் வாத்தியக்காரரோடு ஓசைப்படாமல் வாசலுக்கு வந்து, திடீரென்று பாடத் தொடங்குவார்கள். அந்த இருவரையும் பற்றி யாராவது புதிதாய் எழுதிய பாட்டு. தம்பதி படுத்த உடுப்போடு வந்து கதவைத் திறக்க வேண்டும். பிறகு வந்த சனம் முழுவதுக்கும் காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

வெதுப்பகத்துப் பெண் வில்ஃபிடம் பாட்டு எழுதித் தரக் கேட்டாள். எழுதினார், பெட்டியோடு போய் வாசித்தார். அன்றைக்குத் தொடங்கிய தொழில் அது. அந்தப் பெண் பிறகு வெதுப்பக முதலாளியின் மகனைக் கட்டினாள். அவர்களுடைய வெள்ளிக் கல்யாணத்துக்கும் வில்ஃப்தான் போய்ப் பாடினார். நல்ல பாட்டாம்.

பகலில் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் உருக்கி ஒட்டுகிற வேலை. விடியலில் வாசல்கள். ரண்டர்ஸ், ஹோப்ரோ, கிராமங்கள், பண்ணைகள். நெளிதகட்டுக்கு ப்ரெபென் என்ற டெனிஷ் நண்பர் சேர்ந்தார். கிற்றார்காரர் மாறிக்கொண்டே இருந்தார்கள். அறுபது வருடத்தில் எத்தனை வாசல் என்று அவர் கணக்கு வைக்கவில்லை. ஒரு வாசலில் பாடிய பாட்டை இன்னொரு வாசலில் பாடியதே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்னால் இப்போதும் அதை முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாட்டு. ஒரேயொரு தரம் பாடி, பிறகு பாணும் வெண்ணெயும் சாப்பிட்டுவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்.

பாட்டு எழுத முதல், அந்தத் தம்பதியின் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு கோப்பி குடிப்பார். எப்படிச் சந்தித்தார்கள், எங்கே கட்டினார்கள் என்று ஒன்றும் கேட்க மாட்டார். ஒரே ஒரு கேள்வி: இவர்கள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை பிடிப்பார்கள்? அதிலிருந்து பாட்டு வந்துவிடும். இருபத்தைந்து வருடம் ஒரே விஷயத்துக்குச் சண்டை பிடித்தால் அதுதான் கல்யாணம் என்பார்.

*

1998. வன்னியில் இடம்பெயர்ந்த சனத்துக்கு எங்கள் கோயிலில் உடுப்புச் சேர்த்தார்கள். வில்ஃபும் கத்தோலிக்கர். பாட்டுப் பழகக் கோயில் நிலவறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். தேயிலைப் பெட்டி அங்கேதான் இருக்கும்.

அம்மாவும் அவருடைய சிநேகிதி கத்தரீனா அன்ரியும் நிலவறையில் பொதி கட்டினார்கள். கடைசியில் பிள்ளைகளின் உடுப்பு மிஞ்சியது. பெட்டி இல்லை. மூலையில் விளிம்பெல்லாம் தகரம் அடித்த நல்ல பலகைப் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஓட்டை, எலி அரித்திருக்கும் என்று நினைத்து உள்ளும் புறமும் பிளாஸ்ரர் ஒட்டினார்கள். கயிறும் கூடவே இருந்தது. உறுதியான கயிறு. அதாலேயே பெட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். தும்புத்தடியைத் துடைத்து, தும்புத்தடிகளோடு வைத்தார்கள். கப்பலில் ஏற்றும் கொள்கலன் அடுத்த நாளே போய்விட்டது.

சனிக்கிழமை பின்னேரம் வில்ஃபும் ப்ரெபெனும் வந்தார்கள். அம்மா நிலவறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது வில்ஃபின் தடி.

அது என்னுடையது என்றார் வில்ஃப், டெனிஷில். அம்மா கொடுத்தார். மற்றப் பாதி எங்கே என்று கேட்டார். அம்மாவுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் தனக்குத் தெரிந்த டெனிஷில் மிகச் சரியாகப் பதில் சொன்னார்: “கடலில் இருக்கிறது.”

ப்ரெபென் நெளிதகட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரையில் இருந்துவிட்டாராம். அடுத்த நாள் விடிய ஹோப்ரோவில் ஒரு வெள்ளிக் கல்யாணம். தேயிலை இப்போது கடதாசிச் சாக்கில் வருகிறது. அப்படிப்பட்ட பெட்டி இப்போது உலகத்திலேயே இல்லை.

வில்ஃப் சத்தம் போடவில்லை. பெட்டிக்குள் என்ன போட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளின் குளிர்ச்சட்டை என்றார் அம்மா. வன்னியில் குளிருமா என்றார் அவர். இல்லை என்று ஒத்துக்கொண்டார் அம்மா. அப்போதுதான் இரண்டு பேரும் முதன்முதலாகச் சிரித்தார்கள் என்று ப்ரெபென் சொல்வார்.

அம்மா அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டில் இருந்த கொள்கலம் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார் வில்ஃப். அரிசி வாளி, சூட்கேஸ், மேசை லாச்சி, நான் குழந்தையாய்க் குளித்த தொட்டி. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் பல்கனிக்குப் போனார். அங்கே கிடாரம் கவிழ்ந்து இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். அடியில் காதை வைத்து மறுபடி தட்டினார்.

இதில் ஓட்டை போடாமல் முடியாது என்றார்.

அந்தக் கிடாரம் அம்மாவுடையதுதான். ஆனால் அது ஊருக்கே பொது. பூப்புனித நீராட்டு, முதல்நன்மை, அந்தோனியார் திருநாள், அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் இரவல் போகும். அந்தோனியார் திருநாள் வேறு வருகிறது. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த கத்தரீனா அன்ரி அம்மாவின் கையைப் பிடித்தார்.

“எடி அருள், விசரே உனக்கு? திருநாளுக்கு என்னத்தில காய்ச்சிறது? அந்தாளின்ரை தொப்பியிலயோ?”

அம்மா கிடாரத்தைப் பார்த்தார். பிறகு வில்ஃபைப் பார்த்தார்.

“போடுங்கோ” என்றார்.

தமிழில்தான் சொன்னார். அவருக்கு விளங்கியது.

துளைப்பான் மேல்வீட்டுக்காரரிடம் வாங்கியது. அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருடத் திருநாளுக்கு நாலு அடுப்பில் சின்னச் சட்டிகளில் சமைத்தார்கள். சோறு குழைந்துபோனது. ‘அருள்நாயகி சீதனமாய்க் கிடாரம் குடுத்தவள்’ என்ற பகிடி அன்றைக்கே தொடங்கிவிட்டது. கல்யாணம் அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான்.

ஹோப்ரோவுக்கு அம்மாவும் போனார். கிடாரம் தன்னுடையது, அதற்கு என்ன நடக்கிறதென்று தான் பார்க்க வேண்டும் என்றாராம். என்னையும் கூட்டிப்போனார். ஒரு பண்ணை வீடு. மூடுபனி. நாற்பது ஐம்பது பேர் வாயில் விரலை வைத்து ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். கிடாரம் முதல் சுரத்தைக் கொடுத்தது. அது நிலத்துக்குள்ளால் வந்து என் சப்பாத்துக்குள் ஏறியது. கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒரு ஆணும் பெண்ணும் இரவு உடுப்பில் நின்று சிரித்தார்கள், அழுதார்கள். அம்மா சால்வையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது வானில் அம்மா கேட்டார், உங்கள் வாசலில் யாராவது இப்படிப் பாடினார்களா என்று. வில்ஃப் சொன்னார்: அதற்கு முதலில் கல்யாணம் கட்ட வேண்டும், பிறகு இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டும்; எனக்கு இப்போதே ஐம்பத்தேழு. ஆனால் ஒரு ஆசை உண்டு. இத்தனை வருடமாய் வெளியே நின்று திரைச்சீலையைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் உள்ளே இருந்து கேட்க வேண்டும். உள்ளே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது.

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மனதுக்குள் கூட்டினார்.

“எண்பத்திரண்டு” என்றார். “அது அவ்வளவு பெரிய வயசில்லை.”

வான் ஓட்டிக்கொண்டிருந்த ப்ரெபென் இதை இப்போதும் சொல்வார். முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்கு அம்மா தன் மிச்ச ஆயுளைக் கூட்டிச் சொன்னது இப்படித்தான். அம்மா ஆள் அப்படி.

*

2000ஆம் ஆண்டு மே மாதம் கட்டினார்கள். ஊர் கொஞ்சம் கதைத்தது. பிறகு வில்ஃப் ஊர்க் கொண்டாட்டங்களுக்கும் பாட்டு எழுதத் தொடங்கினார். அவர் மெட்டுப் போடுவார், அம்மா தமிழ் சொல்லுவார். ஊர் வாயை மூடியது.

மனைவிமார் கணவனைக் கூப்பிடுகிறபடி, அம்மா அவரை ‘இஞ்சேருங்கோ’ என்று கூப்பிடுவார். கல்யாணம் கட்டினவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சொல் என்று நினைத்து அவரும் அம்மாவை ‘இஞ்சேருங்கோ’ என்றே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் இதைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தார்கள். அவர் மாற்றவில்லை.

அவர்களுக்குச் சண்டை ஒன்றே ஒன்றுதான். செபமாலை சொல்லும்போது அவர் கதிரைக் கையில் விரலால் தாளம் போடுவார். அம்மாவுக்குப் பத்திக்கொண்டு வரும். மாதாவுக்கு முன்னால் இதென்ன கூத்து என்பார். மாதா தச்சன் வீட்டில் இருந்தவ, தட்டுகிற சத்தம் அவவுக்குப் பழக்கம் என்பார் அவர். ஒவ்வொரு இரவும் இதே சண்டை.

டெனிஷ்காரர்கள் பாதி வழியில், பன்னிரண்டரை வருடத்திலும் செப்புக் கல்யாணம் என்று இதே மாதிரி விடிய வந்து பாடுவார்கள். 2012இல் அப்பாவுக்கும் வந்தார்கள். நவம்பர் இருட்டு. அவர் உள்ளே படுத்திருந்தார். ஆனால் கிடாரம் வாசிக்க வேறு யாருக்கும் தெரியாது. ஒருவர் முயன்றார். இரண்டாவது வரிக்குள் அப்பா பொறுக்க முடியாமல் பிஜாமாவோடு வெளியே ஓடிவந்து தடியைப் பறித்துத் தானே வாசித்தார். வாசலில் அம்மா தனியே நின்றார். தன் சொந்தக் கல்யாணத்துக்கும் அப்பா வெளியேதான் நின்றார்.

மிச்சம் இருந்தது வெள்ளிதான்.

*

நான் காதுக் கருவி செய்யும் ஒரு கம்பனியில் ஒலிப் பொறியியலாளர். தலைநகருக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் இருக்கிறேன். தொழிற்சாலைச் சத்தம் அப்பாவின் காதைத் தின்றிருந்தது. எழுபது வயதிலிருந்து இரண்டு காதிலும் கருவி. நான்தான் அமைத்துக் கொடுப்பேன். கழற்றினால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

போன குளிர்காலத்தில் இதயம் தளர்ந்தது. கால் வீங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு மாறிவந்த வீட்டில் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே கொண்டுவந்து முன்யன்னலோரம் போட்டோம். கோடை வரை இருப்பாரா என்று வைத்தியரைக் கேட்டேன். மே மாதத்தைப் பற்றி யோசியுங்கள், கோடையைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார். மே மாதம் எங்களுக்கு என்னவென்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிக் கல்யாண நாளை முன்னுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். அம்மா மறுத்தார். “இருபத்தைஞ்சு எண்டா இருபத்தைஞ்சுதான். அந்தாள் ஆரையும் ஏமாத்தி ஒரு வாசலிலயும் பாடேல்லை.”

அந்த நாட்களில் ஒரு இரவு செபமாலையின்போது நான் அங்கே இருந்தேன். அப்பாவின் கை போர்வையின் மேல் சும்மா கிடந்தது. செபமாலையின் மூன்றாவது பத்து நடக்கும்போது அம்மா நிறுத்தினார்.

“இஞ்சேருங்கோ. தட்டுங்கோவன்.”

அவர் ஒரு விரலைத் தூக்கினார். தட்டினார். அம்மா தொடர்ந்தார்.

கிடாரத்தை நான் வாசிப்பதென்று முடிவு செய்தேன். வேறு யாரும் இல்லை. அப்பாவிடம் கேட்டுப் பழக முடியாது. பாட வருவதைத் தம்பதியிடம் சொல்லக் கூடாது என்பது வழக்கம். டோஸ்ட்ருப்பில் நான் இருக்கும் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் கிடாரத்தைக் கொண்டுபோனேன். ப்ரெபென் தொலைபேசியில் கேட்டுத் திருத்தினார். அவருக்கு எண்பத்தொன்று. ஒரே கயிறுதானே, லேசு என்று நினைத்திருந்தேன். ஒரே கயிறென்றால் ஒளிக்க இடமில்லை. தடி ஒரு விரற்கடை சாய்ந்தால் சுரம் வேறு. விரல் கொப்பளித்து உடைந்தது. மேல்வீட்டுப் பெண் இறங்கிவந்து, இயந்திரம் பழுதா, ஆளைக் கூப்பிடட்டா என்று கேட்டாள். ப்ரெபெனிடம் சொன்னேன். அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன்.

“உன் அப்பா இதை அறுபது வருஷம் செய்தவர்” என்றார். “ஒரு தரமும் தன் கையைப் பார்த்து நான் காணேல்லை. கதவைத்தான் பார்ப்பார். எப்ப திறக்கும் எண்டு.”

மெட்டுக்கு அந்தப் பின்பக்கத்துப் பாட்டை எடுத்தேன், மழையில் நடக்கிறவனுடையதை. டெனிஷ் அடிகள் எல்லாம் கதிரைக் கையில் தட்டுகிற சண்டையைப் பற்றியவை. கடைசி நாலு அடியைத் தமிழில் எழுதினேன்:

பெட்டி போச்சு வன்னிக்கு,
பெட்டிக்காரன் வந்தான் தேடி;
கெட்டிக்காரி எங்கட அம்மா
கிடாரத்தால கட்டிப் போட்டா.

மிச்சம் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. காதுக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய பின்னணி ஓசைகளைத் தாமாகவே அமுக்கிவிடும். இசையை இரைச்சல் என்று எண்ணி வெட்டும். கிடாரத்தின் அடிநாதம் அவருக்குப் பெட்டிக்குள் முனகுவதுபோல்தான் கேட்கும். ஈஸ்டருக்குப் போனபோது, புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி, அவருடைய கருவியில் அமுக்குகிற அத்தனையையும் நிறுத்திவைத்தேன். எல்லாம் உள்ளே வரட்டும் என்று விட்டேன். அவர் என் விரல் நுனியைத்தான் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

இரண்டாவது பிரச்சினையை என்னால் தீர்க்க முடியவில்லை. இரவில் கருவியைக் கழற்றி மின்னேற்றியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். விடிய நாங்கள் பாடினால் அவருக்கு ஒன்றும் கேட்காது. கழற்றாமல் படுக்கச் சொன்னால் விஷயம் உடைந்துவிடும். வழக்கத்தைக் கொஞ்சம் மீறி, நீங்கள் முதல் எழும்பி மாட்டிவிடுங்கோ என்று அம்மாவிடம் சொன்னேன். நித்திரையில் இருக்கிற மனிசன்ரை காதுக்குள்ளை கை விடச் சொல்லிறியோ என்றார் அம்மா. பிறகு, பார்ப்பம் என்றார்.

*

முதல்நாள் பின்னேரம் அயலவர்கள் வளைவு கட்டினார்கள். டெனிஷ்காரர் ஊசியிலைக் கொப்புக் கொண்டுவந்தார்கள். கத்தரீனா அன்ரி கோயில் மாலைகளைக் கொண்டுவந்தார். எது மேலே வருவது என்று கொஞ்சம் இழுபறி. யன்னலுக்கு மூன்று மீற்றருக்குள் இத்தனையும் நடந்தது. திரைச்சீலை மூடியிருந்தது. அப்பா ஒன்றும் தெரியாதவராய்ப் படுத்திருந்தார் என்று அம்மா பிறகு சொன்னார். ஒன்றும் தெரியாதவராய் இருப்பது தம்பதியின் கடமை. அந்தக் கடமையை அறுபது வருடம் மற்றவர்கள் செய்வதைப் பார்த்தவர்.

விடிய வீதி முனையில் கூடினோம். கோல்டிங்கிலிருந்து என் சின்னம்மாவின் மகன் றொஜிதன் கிற்றாரோடு வந்திருந்தான். ப்ரெபென் விரலுறைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கோயில் சனம், தெருச் சனம், அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த நாலைந்து கிழவர்கள், தாங்களும் ஒருகாலத்தில் அவர் பாட்டுக்குக் கதவு திறந்த தம்பதிகள். வெதுப்பகத்துப் பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்கும் எண்பது தாண்டிவிட்டது. சுடச்சுட ஒரு பெட்டி பாண் கொண்டுவந்திருந்தாள்.

வீட்டு வாசல்வரை சரளைக்கல் பாதை. எல்லோரும் நுனிக்காலில் நடந்தோம். கத்தரீனா அன்ரி எல்லோரையும் விடப் பெரிய சத்தத்தில் “சத்தம் போடாதேங்கோ” என்றார். யாரோ இருமலை அடக்கினார்கள். கிடாரத்தைத் தூக்கி வந்த றொஜிதன் அதை வளைவில் இடித்துவிட்டான். எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம். ஒன்றும் அசையவில்லை.

வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று தெரியாது. நானும் கதவைத்தான் பார்த்தேன்.

டெனிஷ் அடிகள் முடிந்து தமிழ் அடி தொடங்கும்போது கதவு திறந்தது. அம்மா வீட்டுச்சட்டைக்கு மேல் சால்வை போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, பிஜாமாவில், அப்பா. அவர் எழும்பி நின்று மூன்று கிழமை ஆகியிருந்தது. அவர் கிடாரத்தைப் பார்க்கவில்லை. தடியைப் பறிக்க வரவில்லை. நாலு வரியும் முடியுமட்டும் அந்த வாசலுக்கு உள்ளே நின்றார். இரண்டு காதிலும் கருவி இருந்தது.

பிறகு சாப்பாடு. வீடு கொள்ளாமல் சனம். பாணும் வெண்ணெயும், அம்மா ஒளித்து உருட்டி வைத்திருந்த றோல்ஸும் கட்லட்டும். ப்ரெபென் கட்லட்டை வாயில் போட்டுவிட்டு, இதற்காகவே இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கப்போகிறேன் என்றார்.

நான் அப்பாவின் கட்டிலோரம் இருந்தேன். கருவியை யார் மாட்டினது என்று அம்மாவைக் கேட்டேன். “நான் தொடேல்லை” என்றார் அம்மா. “ராத்திரி பார்க்கேக்கை போட்டபடி மல்லாக்கப் படுத்திருந்தார். தலையணையில பட்டா அந்தக் கருவி கூவுமெல்லே. அசையேல்லை. விடியும்மட்டும் அப்பிடியே.”

அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரும் எப்போதும் டெனிஷில்தான் கதைப்போம். கிடாரத்தின் அடிநாதம் கேட்டதா என்று கேட்டேன். தொழில்முறைக் கேள்வி. வேறு கேள்வி என்னிடம் இருக்கவில்லை.

“கேட்டது. நல்லா இருந்தது. இரண்டாம் அடியில் அவசரப்பட்டாய்.” மூச்சு எடுத்தார். “ஆனா முதல் கேட்டது அது இல்லை.”

“என்ன கேட்டது?”

“சப்பாத்து. சரளைக்கல்லில் சப்பாத்துகள். சத்தம் வராமல் நடக்கப் பார்க்கிற சத்தம். எத்தனையோ பேர். கத்தரீனா. ஒரு இருமல். கிடாரம் எங்கேயோ இடிபட்டது.” அவர் முகத்தில் இருந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சின்னப் பிள்ளை கடலை முதல்முதல் பார்க்கிற முகம். “நாங்கள் நடந்து வாறது ஒருவருக்கும் கேக்காதெண்டு அறுபது வருஷம் நினைச்சிருந்தன். எல்லாருக்கும் கேட்டிருக்கு, நிறோ. எல்லாரும் முழிச்சு இருந்து கேட்டிருக்கினம். பாட்டுக்கு முதலே.”

அம்மாவைப் பார்த்தார். “இஞ்சேருங்கோ” என்றார். “அதுதான் பாட்டு.”

அம்மா அவர் கையை எடுத்துக் கட்டில் விளிம்பில் வைத்தார். அவர் தட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். வீடு முழுவதும் சனம் பீங்கானும் கரண்டியுமாய் இருந்தது. அமுக்குகிற அத்தனையையும் நான் நிறுத்தி வைத்திருந்தேன். எல்லாம் அவருக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அதே மாதக் கடைசியில் போய்விட்டார். பகலில், நித்திரையில். கருவியை அம்மா கழற்றவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை.

சேமக்காலையில் சவப்பெட்டியைத் தூக்கக் கிழவர்களை விடவில்லை. றொஜிதனும் பெடியளும் தூக்கினார்கள். குழி கடைசி வரிசையில். அதுவரை சரளைக்கல் பாதை. பின்னால் ஊர் முழுவதும் வந்தது. ஒருவரும் சத்தம் போடாமல் நடக்கத்தான் பார்த்தோம்.

முடியவில்லை. நடந்தோம்.